ஏழாயிரத்து இருநூறில் ஒரு கோடு

மொத்தம் நாற்பத்தொரு மணி நேரம் இருபத்திரண்டு நிமிடம். நூற்றுப் பதினெட்டு ஃபைல். ஆறாம் வகுப்பிலிருந்து பத்தாம் வகுப்பு வரை அறிவியல் பாடம் முழுவதையும் அடுத்த தெரு பியூலா வாசித்தாள். இருமலையும் மூச்சையும் தடுமாறிய வரிகளையும் வெட்டிவிட்டு மாரிக்கனி சேர்த்தாள். ஐந்து மாத வேலை. ஒவ்வொரு ஃபைலும் முடியும்போது பியூலாவின் குரல், "வாசித்தவர் பியூலா, ஒலித்தொகுப்பு மாரிக்கனி" என்று சொல்லும். பத்தாவதோடு மில்லுக்குப் போனவள் மாரிக்கனி. தன் பெயர் நூற்றுப் பதினெட்டு முறை சொல்லப்படுவதை அவள் யாரிடமும் சொல்லிக் காட்டியதில்லை. ஆனால் எண்ணி வைத்திருந்தாள்.

திங்கட்கிழமை காலையில் பொன்னுராஜ் சார் போன் செய்தார். ஸ்ரீவில்லிபுத்தூரில் இருக்கிறார். பள்ளிக்கூடத்தில் வரலாறு நடத்துகிறார். இரண்டு கண்ணும் பிறவியிலேயே தெரியாது. அரசு வேலைப் பரீட்சைக்குப் படிக்கும் பார்வையற்ற பிள்ளைகளுக்காக ஒலி நூலகம் ஒன்றை நடத்தி வந்தார். அறுபத்து மூன்று பேர் போனில் கேட்டுப் படித்துக்கொண்டிருந்தார்கள். இந்த அறிவியல் பாடம் அவர் கொடுத்த வேலைதான்.

மாரிக்கனி எப்போதும் போல ஸ்பீக்கரில் போட்டாள்.

"மாரிக்கனிம்மா, ஒரு சங்கடமான விசயம். சில ஃபைல்ல பின்னால ஒரு கீச்சு ஓடுது. ஊசி மாதிரி. ஹெட்போன் மாட்டிப் பத்து நிமிசம் கேட்டா மண்டை தெறிக்கு."

"எந்தெந்த ஃபைலு சார்?"

"நான் பன்னெண்டு கேட்டேன். அதுல மூணுல இருக்கு. மிச்சம் எதெதுல இருக்கோ தெரியல. நேத்து வத்திராயிருப்புலருந்து ஒரு பிள்ளை போன் பண்ணி அழுதுட்டா. எங்களுக்குக் காதுதானம்மா புஸ்தகம். எழுத்து மேல பூராவும் கோடு கிழிச்சுக் கொடுத்தா நீங்க எப்படிப் படிப்பீங்க?"

மாரிக்கனி போனைக் கையில் எடுத்துக்கொண்டாள்.

"பரீட்சைக்கு ஒரு மாசந்தான் இருக்கு. ஞாயித்துக்கிழமைக்குள்ள சரி பண்ண முடியுமா? இல்லன்னா மதுரையில ஒரு ஸ்டுடியோகிட்ட மொத்தத்தையும் கொடுத்துருவோம்னு கமிட்டியில சொல்லுதாங்க. அவங்க செஞ்சா கடைசியில அவங்க பேருதான் வரும். அதான் மொதல்ல உங்ககிட்டச் சொல்லுதேன்."

"ஞாயித்துக்கிழமை நானே கொண்டு வாரேன் சார்" என்றாள்.

அவள் கணவன் தங்கப்பாண்டியன் பல்குச்சியைத் துப்பிவிட்டு உள்ளே வந்தான். ஆட்டோவில் மைக் கட்டிக் கடைத் திறப்பு, கோயில் கொடை, இரங்கல் என்று ராஜபாளையம் சுற்று வட்டாரத்தில் அறிவிப்பு செய்கிறவன். அந்த அறிவிப்புகளைச் சேர்த்துக் கொடுத்துத்தான் மாரிக்கனி இந்த வேலையைக் கற்றுக்கொண்டாள். சார் சொன்ன ஃபைலில் ஒன்றைப் போட்டு ஹெட்போனை ஒரு காதில் வைத்தான். முகத்தைச் சுளித்தான்.

"ஆமாட்டி. நல்லா ஓடுது. பல்லு கூசுது. இந்தா, கேக்குதுல்ல?"

மாரிக்கனி ஹெட்போனை மாட்டினாள். பியூலா ஒளிச்சேர்க்கையை விளக்கிக்கொண்டிருந்தாள். அவள் குரல் தவிர ஒன்றும் இல்லை.

"ம்" என்றாள்.

"இம்புட்டு நாளு எப்படி விட்ட? ஊரு பூராவும் எம் பொண்டாட்டி காதுக்கு எறும்பு நடந்தாத் தெரியும்னு சொல்லி வச்சிருக்கேன்."

அவன் அப்படித்தான் சொல்லி வைத்திருந்தான். டீக்கடையில், சவுண்டு சர்வீஸ்காரர்கள் நடுவில், அவள் அம்மா வீட்டில்கூட. கேட்கும்போதெல்லாம் அவளுக்குப் பெருமையாக இருக்கும். பெருமைக்குப் பின்னாலேயே ஒரு பயமும் வரும்.

ஒன்பது வருடம் அவள் நூல் மில்லில், நூல் நூற்கும் ரிங் பிரேம் எந்திரத்தில், அறுந்த இழையை ஒட்டும் சைடராக இருந்தாள். ஒரு பிரேமுக்கு ஆயிரத்து எட்டுக் கதிர். காதில் பஞ்சை அடைத்துக்கொண்டு போவார்கள். அங்கே யாரும் பேசிக் கேட்பதில்லை. உதட்டைப் பார்ப்பார்கள், விரலைக் காட்டுவார்கள். வருடத்துக்கு ஒரு முறை டாக்டர் வந்து ஹெட்போன் மாட்டி, சத்தம் கேட்டால் பொத்தானை அமுக்கச் சொல்வார். கடைசி இரண்டு வருடம் மாரிக்கனி டாக்டரின் விரலைப் பார்த்துத்தான் அமுக்கினாள். கேட்கவில்லை என்று சொன்னால் பிரேமிலிருந்து மாற்றிவிடுவார்கள் என்று பயம். கல்யாணமான புதிதில் பிளவக்கல் அணைக்குப் போனபோது, மலையடிவாரத்தில் எல்லோரும் "என்ன வண்டுச் சத்தம், காதைப் பொளக்குது" என்றார்கள். அவளும் "ஆமா" என்றாள். அவளுக்கு மரங்கள் சும்மா நின்றன.

பேச்சு நன்றாகக் கேட்கும். லாரி, தறி, கல்யாண மேளம் எல்லாம் கேட்கும். மேலே போகப் போக, ஒரு இடத்துக்குப் பிறகு உலகம் அவளுக்கு அடைத்துவிடும். இதை அவள் யாரிடமும் சொன்னதில்லை. காது சரியில்லாதவளிடம் ஒலித்தொகுப்பு வேலையை யார் கொடுப்பார்கள்?

அவர்கள் வீடு சத்திரப்பட்டி ரோட்டில் இருந்தது. இரண்டு பக்கமும் பேண்டேஜ் துணித் தறி. காலை ஆறு மணிக்குத் தொடங்கினால் சுவர் அதிரும். மாமியார் குருவம்மாள் அந்தத் துணியை வாங்கி வந்து மடித்துக் கொடுப்பாள். தறிக்காரத் தெருவில் பிறந்தவள். பக்கத்தில் இருப்பவரிடமும் அடுத்த தெருவுக்குக் கேட்கும்படிதான் பேசுவாள்.

திங்கள் மத்தியானம் தங்கப்பாண்டியன் வைத்தியத்தைத் தொடங்கினான். யாரும் பேசாதபோது அறையில் ஓடும் ஒலியை மாதிரியாக சாஃப்ட்வேரில் காட்டினால், அந்த இரைச்சலை மட்டும் அது கழித்துவிடும். அவன் செய்து பார்த்திருக்கிறான். தறி சாப்பாட்டுக்கு நின்ற அரை மணி நேரத்தில் மாதிரியை எடுக்க வேண்டும். மின்விசிறியை நிறுத்தினான். பிரிட்ஜைப் பிடுங்கினான். இன்வெர்ட்டரையும் நிறுத்தினான்.

"எம்மா, செத்த நேரம் வாயத் தொறக்காத."

"நான் எங்கடா தொறந்தேன். துணிதான மடிக்கேன்."

"இந்தா, இதான். இதான் வேண்டாங்கேன்."

"மூச்சு விடலாமா, அதுவும் கூடாதா?"

"மெதுவா விடு."

"ஒங்கப்பன் இருக்கையிலயும் இப்படித்தான். ரேடியோவுல நியூஸு வந்தா மூச்சு விடக் கூடாது."

நான்காவது முறை ஒரு நிமிட மௌனம் கிடைத்தது. அதை மாதிரியாகக் காட்டி மூன்று ஃபைலைக் கழுவினான். கேட்டுப் பார்த்துவிட்டு ஹெட்போனைக் கழற்றி வைத்தான்.

"கீச்சு அப்படியே இருக்கு. பியூலாதான் தண்ணிக்குள்ள இருந்து பேசுதா. அவளையே திரும்ப வாசிக்கச் சொன்னா என்ன?"

"அவ பேறுகாலத்துக்கு அம்மா வீட்டுக்குப் போயிருக்கா. பிள்ள பெறந்து எட்டு நாளாகுது. நாப்பத்தொரு மணி நேரம் யாரு வாசிப்பா?"

செவ்வாய்க்கிழமை அவன் கொடை அறிவிப்புக்காக வ. புதுப்பட்டி பக்கம் போய்விட்டான். மாரிக்கனி தனியாக யோசித்தாள். கீச்சு என்றால் உயரமான சத்தம். உயரத்தை மொத்தமாக வெட்டிவிட்டால் என்ன? ஐயாயிரம் ஹெர்ட்ஸுக்கு மேல் உள்ள எல்லாவற்றையும் ஒரு ஃபைலில் அறுத்துப் பார்த்தாள். கேட்டாள். பியூலாவின் குரல் முன்பு இருந்தது போலவே இருந்தது. இவ்வளவு எளிதா என்று நினைத்துச் சாயங்காலத்துக்குள் பதினான்கு ஃபைலை முடித்துவிட்டாள். முடித்த தெம்பில் சுண்டவத்தல் வறுத்துக் குழம்பு வைத்தாள்.

தங்கப்பாண்டியன் சாப்பிட்டுக்கொண்டே ஒரு ஃபைலைக் கேட்டான். மென்றுகொண்டிருந்த வாய் நின்றது.

"கீச்சு போயிருச்சு."

"போயிருச்சுல்ல?"

"பியூலாவும் சேந்து போயிட்டாளேட்டி. போர்வைக்குள்ள இருந்து பேசுத மாதிரி இருக்கு. 'ஸ்'ஸு எங்க? 'ச்' எங்க? 'சல்பர்'ங்கறது 'அல்பர்'னு கேக்கு. இது தெரியலயா ஒனக்கு?"

"அவசரத்துல கவனிக்கல."

"பதினாலு ஃபைலுமா கவனிக்கல?"

அவள் அவன் தட்டில் இன்னும் கொஞ்சம் குழம்பை ஊற்றினாள். அறுப்பதற்கு முன்பும் பின்பும் ஒரே மாதிரி கேட்டதற்குக் காரணம் அவளுக்கு விளங்கிவிட்டது. ஃபைலிலிருந்து இன்று எதை அறுத்தாளோ, அவள் காதிலிருந்து அது எப்போதோ அறுபட்டிருந்தது. பழைய பிரதி இருந்ததால் பதினான்கையும் மீட்க முடிந்தது. இனிமேல் எதைச் செய்தாலும் அது சரியா தப்பா என்று காதைக் கேட்டுப் பிரயோசனமில்லை.

புதன்கிழமை காலை தறிச் சத்தத்தோடு அவள் லேப்டாப்பைத் திறந்தாள். சாஃப்ட்வேரில் ஒலியை அலையாகக் காட்டும் பார்வை ஒன்றுதான் அவளுக்குப் பழக்கம். இருமலும் மூச்சும் அதில் மேடாகத் தெரியும், வெட்டிவிடலாம். இன்னொரு பார்வையும் இருந்தது. ஸ்பெக்ட்ரோகிராம் என்று பெயர். அதில் கனமான சத்தம் கீழே, கீச்சென்ற சத்தம் மேலே, ஓங்கிய சத்தம் பளிச்சென்று தெரியும். எதற்கென்று புரியாமல் அவள் தொடாமல் விட்டது. சார் சொன்ன ஃபைலை அதில் திறந்தாள்.

பியூலாவின் பேச்சு கீழே மேகம் மேகமாக எழும்பி எழும்பி அடங்கியது. அதற்கு மேலே, ஏழாயிரத்து இருநூறு என்ற எண்ணுக்கு நேராக, தொடக்கத்திலிருந்து முடிவு வரை ஒரே ஒரு கோடு. மெல்லியது. இழை மாதிரி.

மாரிக்கனி செத்த நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

பிரேமில் அறுந்த இழை சத்தம் போடாது. ஆயிரத்து எட்டில் எது அறுந்தது என்று நடந்துகொண்டே கண்ணால்தான் பிடிக்க வேண்டும். அவள் பிரிவில் அவளைவிட வேகமாகப் பிடித்தவர்கள் இல்லை. மேஸ்திரியே, "மாரிக்கனி சைடுக்கு நான் போக வேண்டாம்" என்பார். அங்கே இல்லாத இழையைத் தேடினாள். இங்கே இருக்கக் கூடாத இழையைத் தேட வேண்டும். அவ்வளவுதான் வித்தியாசம்.

முதல் ஃபைலிலிருந்து நடக்கத் தொடங்கினாள். திற, பார், மூடு. கோடு இருந்தால் நோட்டில் எண்ணை எழுது. ஒரு ஃபைலுக்கு அரை நிமிடம்கூட ஆகவில்லை. பத்தரை மணிக்குள் நூற்றுப் பதினெட்டும் முடிந்துவிட்டது. இருபத்தேழில் கோடு. மற்றத் தொண்ணூற்றொன்றும் சுத்தம்.

இருபத்தேழுக்கும் பதிவான தேதியைப் பக்கத்தில் எழுதினாள். ஞாயிற்றுக்கிழமை ஒன்றுகூட இல்லை. எல்லாம் வேலை நாள். வேலை நாளில் தறி ஓடுமே, எப்படிப் பதிவு செய்தோம் என்று அவளுக்கே குழப்பமாக இருந்தது.

"அத்தை, போன மாசம் ஒம்பதாந் தேதி பியூலா வந்து வாசிச்சாளே, அன்னைக்குத் தறி ஏன் ஓடல?"

"தேதியெல்லாம் எனக்கு என்னட்டி தெரியும்?"

"மத்தியானம் வந்தா. நீங்க பருப்புருண்டைக் கொழம்பு வச்சிருந்தீங்க."

"அன்னைக்கா. அன்னைக்குக் காலையிலருந்து கரண்டு இல்லல்ல. தறி கெடயாதுன்னு எல்லாவனும் தெருவுல உக்காந்து சீட்டு வெளையாண்டானுங்க. நீதான, 'தறி நின்னுருச்சு, பியூலாவக் கூப்பிடுங்க, கூப்பிடுங்க'ன்னு பறந்த."

மாரிக்கனி எழுந்து நின்றுவிட்டாள்.

தறிகள் நடுவில் பகலில் மணிக்கணக்கில் அமைதி கிடைப்பது இரண்டே நேரத்தில்தான். ஒன்று ஞாயிற்றுக்கிழமை. மற்றது கரண்ட் போகும்போது. கரண்ட் போனதும் பியூலா ஓடி வருவாள், இவள் மைக்கை வைப்பாள். லேப்டாப்பில் பேட்டரி செத்து ஒரு வருடமாகிறது. சார்ஜரைச் செருகியே வைக்க வேண்டும். கரண்ட் இல்லாதபோது சார்ஜருக்கு இன்வெர்ட்டர். அது கொடுக்கும் மட்டமான மின்சாரம் சார்ஜர் வழியாக மைக்குக்குள் ஏறியிருக்கிறது.

சோதித்துப் பார்த்தாள். மெயின் சுவிட்சை இறக்கிவிட்டு இன்வெர்ட்டரில் ஒரு நிமிடம் பதிவு செய்தாள். தறிச் சத்தம் கீழே கறையாகப் பரவியிருந்தது, மேலே ஏழாயிரத்து இருநூறில் கோடு. மெயினை ஏற்றி மறுபடி பதிவு செய்தாள். கோடு இல்லை. மூன்று முறை செய்தாள். மூன்று முறையும் அப்படித்தான்.

மத்தியானம் சாப்பிட வந்த தங்கப்பாண்டியனிடம் நோட்டைக் காட்டினாள். அவன் படித்துவிட்டுத் தலையில் கை வைத்து உட்கார்ந்தான்.

"அப்ப சத்தமே இல்லைன்னு நெனச்சு ஓடி ஓடி எடுத்ததுலதான் சத்தமா?"

"ஆமா."

"நான் திங்கக்கெழம ரூமோட சத்தத்த எடுக்கையில இன்வெர்ட்டரையும் நிப்பாட்டிட்டேனே."

"திருடன வெளிய அனுப்பிட்டு வீட்டச் சோதன போட்டீங்க."

அவன் சிரித்தான். குருவம்மாளும் உள்ளிருந்து சிரித்தாள். "எம்மவன் பொறந்ததுலருந்தே அப்படித்தான்" என்றாள்.

"எந்தெந்த ஃபைலுன்னு எப்படிட்டி பிடிச்ச? நூத்துப் பதினெட்டையும் கேட்டியா? நாப்பது மணி நேரம் ஆகுமே."

மாரிக்கனி நோட்டை வாங்கிக்கொண்டாள். "பிடிச்சுட்டேன்" என்றாள். அவன் அதை மேலே கேட்கவில்லை. சாயங்காலமே டீக்கடையில் சொல்லிவிட்டான்.

வியாழக்கிழமையிலிருந்து எடுக்கும் வேலை. அந்த ஒரு உயரத்தை மட்டும், மேலேயும் கீழேயும் படாமல், இழையை உருவுவது போல உருவ வேண்டும். இருமடங்கு உயரத்தில் மங்கலாக இன்னொரு கோடு இருந்தது, அதையும் எடுத்தாள். பத்தொன்பது ஃபைல் இரண்டு நாளில் முடிந்தது. மிச்சம் எட்டு அடம் பிடித்தன. இன்வெர்ட்டர் பேட்டரி இறங்க இறங்கக் கோடும் கொஞ்சம் கொஞ்சமாகக் கீழே சரிந்திருந்தது. நேராக அறுத்தால் தப்பித்துவிடும். அந்த எட்டையும் அரை நிமிடத் துண்டுகளாகப் பிரித்து, ஒவ்வொரு துண்டுக்கும் தனி எண் கொடுத்து எடுத்தாள். பேச்சின் மேகம் எங்கேயும் கலையவில்லையா என்று பழையதையும் புதியதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தாள். கண் எரிந்தது. பச்சைத் தண்ணீரை அடித்துக் கழுவிவிட்டு மறுபடி உட்கார்ந்தாள். சனிக்கிழமை சாயங்காலம் தறி நிற்கும்போது எட்டாவதும் முடிந்தது.

எந்த ஃபைலையும் தங்கப்பாண்டியனிடம் கொடுத்துக் கேட்கச் சொல்லவில்லை. கண்ணால் பார்த்தது சரி என்று அவளுக்குத் தெரியும். இந்த ஆறு நாளில் அவள் நிச்சயமாக நம்பியது அது ஒன்றைத்தான்.

ஞாயிற்றுக்கிழமை இரண்டு பேரும் ஸ்ரீவில்லிபுத்தூர் பஸ்ஸில் ஏறினார்கள். மழை வருகிற மாதிரி மேற்கே மலை கறுத்துக் கிடந்தது. பொன்னுராஜ் சார் வீடு கோர்ட்டுக்குப் பின்னால் இருந்தது. அவர் மனைவி பரிபூரணம் நாற்காலியை இழுத்துப் போட்டு, சுக்குக் காப்பி கொண்டு வந்து வைத்தாள். சார் பென் டிரைவை வாங்கித் தன் கம்ப்யூட்டரில் அவரே செருகினார். கம்ப்யூட்டர் ஃபைல் பெயர்களை வேகமாகச் சொல்லிக்கொண்டே போக, அவர் விரல்கள் விசைப்பலகையில் ஓடின.

முக்கால் மணி நேரம் கேட்டார். வத்திராயிருப்புப் பிள்ளை அழுத ஃபைலை முதலில் கேட்டார். பிறகு வரிசையில்லாமல் இங்கொன்றும் அங்கொன்றும். ஒரு இடத்தில் நிறுத்தித் திரும்பப் போட்டார். மாரிக்கனி அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஹெட்போனை இன்னும் இறுக்கிப் பிடித்துக்கொண்டு மறுபடி கேட்டார். பிறகு கழற்றினார்.

"ஒண்ணும் இல்ல. சந்தேகமா இருந்துச்சு, எங்க வீட்டு பிரிட்ஜு."

தங்கப்பாண்டியன் மூச்சை விட்டான்.

"மாரிக்கனிம்மா, சுத்தமா இருக்கு. 'ஸ்' எழுத்துக்கூட மழுங்கல. மதுரையில கேட்டதுக்கு, இத எடுத்தா குரலும் கொஞ்சம் போகும்னுதான் சொன்னாங்க. நீங்க குரலத் தொடாம முள்ள மட்டும் எடுத்திருக்கீங்க. உங்க பேரு அப்படியே இருக்கட்டும்னு கமிட்டியில நானே சொல்லுவேன்."

"சரி சார்" என்றாள்.

"நான் சொன்னேன்ல சார்" என்றான் தங்கப்பாண்டியன். "நூத்துப் பதினெட்டுல இருபத்தேழ ஒரே காலையில பிடிச்சுட்டா. அவ காது அப்படி."

"அதான் கேக்கணும்னு இருந்தேன்." சார் நாற்காலியை அவள் குரல் வந்த பக்கம் திருப்பினார். "நம்ம நூலகத்துல மூணு பேரு எடிட்டிங் படிக்கணும்னு நிக்காங்க. மூணு பேருக்கும் பார்வை கெடயாது. கீபோர்டுலயே எல்லாம் செஞ்சுருவாங்க, கெட்டிக்காரங்க. வாரத்துக்கு ரெண்டு நாளு நீங்க வந்து சொல்லிக் கொடுத்தா போதும். இந்தக் கீச்சக் காதால எப்படி இம்புட்டு வெரசாப் பிடிக்கிறதுன்னு, அந்த வித்தைய மட்டும் அவங்களுக்குக் காட்டிருங்க."

"அதுக்கென்ன சார், வருவா. இவ காத வச்சு—"

"நீங்க செத்த சும்மா இருங்க" என்றாள் மாரிக்கனி.

அவன் திரும்பிப் பார்த்தான். மற்றவர் முன்னால் அவள் அப்படிப் பேசியதில்லை.

மூன்று பேர் பஸ் பிடித்து வந்து, இல்லாத வித்தைக்காக அவள் முன்னால் உட்கார்ந்திருப்பார்கள். 'ம்' என்றும் 'ஆமா' என்றும் சொல்லி எத்தனை நாள் ஓட்ட முடியும்? அதைவிட, அவள் உண்மையில் செய்த வேலை ஒன்று இருந்தது. அதை யாரும் இன்னும் பாராட்டவில்லை. இல்லாத ஒன்றையல்லவா பாராட்டிக்கொண்டிருந்தார்கள்.

"சார், அவங்களுக்கு அத நான் சொல்லிக் கொடுக்க முடியாது."

"ஏம்மா, நேரம் இல்லையா?"

"நேரம் இருக்கு. வெட்டிச் சேக்கிறது, அளவு வைக்கிறது, மத்தது எல்லாம் சொல்லிக் கொடுப்பேன். இத மட்டும் நான் காதால பிடிக்கல சார். படமாப் போட்டுக் கண்ணால பாத்துப் பிடிச்சேன். இருபத்தேழையும் கண்ணாலதான் எடுத்தேன்."

"கண்ணாலயா?" என்றார் சார்.

"அவ வெளையாட்டுக்குச் சொல்லுதா சார்" என்றான் தங்கப்பாண்டியன். "மொத நாளே ஹெட்போன்ல கேட்டாளே. கேக்குதான்னு நாந்தான கேட்டேன்."

மாரிக்கனி அவன் பக்கம் திரும்பினாள். ரிங் பிரேம் ஓடும்போது பக்கத்து சைடுக்காரிக்குச் சொல்வது போல, ஒவ்வொரு சொல்லையும் உதட்டில் தெளிவாக வைத்துச் சொன்னாள்.

"மில்லுல ஒம்பது வருசம் நின்ன காதுங்க இது. எனக்கு அந்தச் சத்தம் கேக்காது. அன்னைக்கும் கேக்கல, இப்ப போட்டாலும் கேக்காது."